உறைமழை வருமுன்: டொராண்டோவில் பெரியவர்களுக்கும் செல்லப்பிராணிகளுக்கும் என்ன செய்து வைப்பது?

உறைமழை என்பது விழுந்த இடத்திலேயே பனிக்கட்டியாக உறையும் மழை. 2013 டிசம்பர் உறைமழையில் டொராண்டோவில் சுமார் 3 லட்சம் மின் இணைப்புகள் அறுந்தன. சில வீடுகளுக்குக் கிறிஸ்துமஸ் முடிந்த பிறகுதான் கரண்ட் வந்தது. 'எங்களிடம் காஸ் ஃபர்னஸ் இருக்கிறதே' என்று இருந்துவிடாதீர்கள். சூட்டை அறைக்குத் தள்ளும் விசிறி ஓடுவது கரண்டில்தான்.

படி 1: ஆட்களைக் கணக்கெடுங்கள்

தனியாக இருக்கும் அம்மம்மா, ஆக்சிஜன் கருவியை நம்பியிருப்பவர், கைக்குழந்தைக்காரர்கள். மேல்மாடியில் இருந்தால் லிஃப்ட் நின்றுவிடும்; பம்பு நின்று தண்ணீரும் ஏறாமல் போகலாம். 'வருகிறீர்களா?' என்று கேட்டால் பெரியவர்கள் 'எனக்கென்ன, நான் இங்கேயே இருக்கிறேன்' என்றுதான் சொல்வார்கள். ஆகவே கேட்காதீர்கள். 'நாளை நாலு மணிக்கு வருகிறேன், மருந்துப் பையை எடுத்து வையுங்கள்' என்று சொல்லிவிடுங்கள். கரண்ட் இருக்கும்போதே கூட்டிவருவதுதான் சுலபம்.

படி 2: மூன்று நாளுக்கான பை

குடிக்க மட்டும் ஆளுக்கு நாளொன்றுக்கு 2 லிட்டர் தண்ணீர். சமைக்காமல் சாப்பிடக்கூடியவை: பிஸ்கட், அவல், டின் மீன். டின் திறப்பானை மறக்க வேண்டாம். டார்ச், பவர் பேங்க், மருந்துச் சீட்டின் நகல். இன்சுலின் உறைந்தால் வீண், அதனால் காரில் விட்டு வைக்காதீர்கள்.

படி 3: சூடு

எல்லோரும் ஒரே அறையில் இருங்கள், கதவிடுக்கில் துண்டைச் சுருட்டி வையுங்கள். பார்பிக்யூ அடுப்பையோ ஜெனரேட்டரையோ வீட்டுக்குள் மட்டுமல்ல, கராஜிலும் ஓட்டக்கூடாது. கதவைத் திறந்து வைத்தாலும்தான். அவற்றிலிருந்து வரும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. 2013இல் ஒண்டாரியோவில் உயிர்களைப் பறித்ததும் அதுதான். கார்பன் மோனாக்சைடு அலாரத்துக்கு இன்றே புது பேட்டரி போடுங்கள். அலாரம் அடித்தாலோ, வீட்டில் பலருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல் வந்தாலோ எல்லோரும் வெளியேறி 911ஐ அழையுங்கள்.

வயதானவர்களுக்கு உடல் சூடு குறைந்தாலும் நடுக்கம் வராமல் போகலாம். பேச்சுக் குழறுவதும் அரைத்தூக்கமும்தான் அறிகுறி. உடல் சூடு 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் அதற்கும் 911. கைகால்களைத் தேய்க்க வேண்டாம், பிராந்தியும் கொடுக்க வேண்டாம்.

படி 4: நாயும் பூனையும்

உணவு, கழுத்துப்பட்டை, தடுப்பூசி அட்டை எல்லாம் ஒரு பையில் இருக்கட்டும். எல்லாத் தற்காலிகத் தங்குமிடங்களும் செல்லப்பிராணிகளைச் சேர்ப்பதில்லை, முன்பே விசாரியுங்கள். சமூக சேவைத் தகவல் எண்ணான 211க்கு அழைத்தால் வழி சொல்வார்கள்.

தெருவில் தூவும் உப்பு பாதத்தில் ஒட்டினால் நாய் நக்கும். வந்ததும் வெதுவெதுப்பான நீரில் கழுவி, விரலிடுக்கு வரை துடைத்துவிடுங்கள். கார் ஆன்டிஃப்ரீஸ் (என்ஜின் நீர் உறையாமல் இருக்க ஊற்றும் திரவம்) இனிப்பாக இருப்பதால் விலங்குகள் விரும்பி நக்கும். பூனையைக் கொல்ல மிகச் சிறிதளவே போதும், சிந்தியதை உடனே துடையுங்கள். அப்புறம், காலையில் காரைக் கிளப்புமுன் பானெட்டை நன்றாகத் தட்டுங்கள். சூட்டுக்காகத் தெருப்பூனைகள் என்ஜினுக்குள் ஏறிப் படுப்பதுண்டு.