மாநகராட்சியின் மறுசுழற்சி நீர்த் திட்டத்துக்கு உங்கள் கருத்தை மனுவாக எழுதுவது எப்படி?

கழிவுநீரைச் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தும் திட்டம் உங்கள் ஊருக்கும் வரலாம். தஞ்சாவூரோ கும்பகோணமோ, கருத்து கேட்டால் நம் ஆட்கள் பெரும்பாலும் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்: "வேண்டாம்", இல்லாவிட்டால் "வரவேற்கிறோம்". அந்த வரியை வைத்துக்கொண்டு அதிகாரியால் எதையும் மாற்ற முடியாது. என்னென்ன நிபந்தனைகள் வேண்டும் என்று எழுதினால்தான் அவர் உட்கார்ந்து பதில் யோசிக்க வேண்டிவரும்.

படி 1: தண்ணீர் எதற்கு என்று கேளுங்கள்

சென்னையில் கோயம்பேடு, கொடுங்கையூர் கழிவுநீர் மறுசுழற்சி நிலையங்கள் 2019-இல் தொடங்கப்பட்டன. ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் திறன் கொண்டது, ஆர்.ஓ. வரை, அதாவது கரைந்த உப்பும் போகும் அளவுக்கு, சுத்திகரித்து ஆலைகளுக்கு அனுப்புகிறார்கள். பூங்காச் செடிக்கு அவ்வளவு தேவையில்லை. ஏரியில் விடுவது வேறு கதை. பெங்களூரின் சுத்திகரித்த நீரை 2018-இல் கோலார் ஏரிகளுக்கு விடத் தொடங்கியதுமே ஓர் ஏரியில் நுரை பொங்கியது, வழக்கு உயர் நீதிமன்றம் போனது. ஆகவே எங்கே போகிறது, எதுவரை சுத்திகரிக்கிறார்கள் என்ற இரண்டும் தெரியாமல் பேனாவை எடுக்காதீர்கள்.

படி 2: காகிதத்தை வாங்குங்கள்

விரிவான திட்ட அறிக்கை, மாமன்றத் தீர்மானம் இரண்டும் வேண்டும். நேரில் கேட்டுக் கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. வெள்ளைத் தாளில் எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பினால் 30 நாளில் பதில் வர வேண்டும். "ஏன் இப்படிச் செய்கிறீர்கள்?" என்று கேட்டால் நழுவிவிடுவார்கள். "இன்ன ஆவணத்தின் நகல் தேவை" என்று கேளுங்கள்.

கலெக்டர் பொது விசாரணைக் கூட்டம் போடுவார், அங்கே பேசிக்கொள்ளலாம் என்று காத்திருக்கவும் வேண்டாம். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்கான 2006 அறிவிக்கையின் பட்டியலில் ஆலைகளின் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. வீட்டுக் கழிவுநீர் நிலையம் இல்லை, ஆகவே அதற்கு அந்தக் கூட்டம் கட்டாயமில்லை.

படி 3: வாய்க்காலைத் தொடர்ந்து போங்கள்

என்னைக் கேட்டால் முழு வேலையும் இங்கேதான் இருக்கிறது. காவிரி டெல்டாவில் வடிகால் என்று தனியாக எதுவும் முடிந்துவிடுவதில்லை. மேலே உள்ள வயலில் வடிந்த தண்ணீர்தான் பல இடங்களில் கீழே உள்ள வயலுக்குப் பாசனம். நிலையத்தின் வெளியேற்றுக் குழாய் எந்த வாய்க்காலில் விழுகிறது, அது எந்த மதகு வழியாக எந்த ஆற்றில் சேர்கிறது, கடைமடை வரை எத்தனை ஊர் அதை எடுக்கிறது என்று பாருங்கள். இன்ஜினியரின் வரைபடத்தைவிட அந்தப் பகுதி லஸ்கரிடம் (மதகு திறந்து மூடும் ஊழியர்) கேட்டால் சீக்கிரம் தெரியும். கடைசி ஊர்க்காரருக்கு மாநகராட்சியில் வார்டும் இல்லை, ஓட்டும் இல்லை. பாதிப்பு வந்தால் அவருக்குத்தான்.

அப்புறம் மாதக் கணக்கு. வழக்கப்படி மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடப்படும். ஆற்றில் தண்ணீர் ஓடும்போது எது கலந்தாலும் நீர்த்துப்போகும். பிப்ரவரிக்குப் பிறகு வாய்க்காலில் ஓடுவது நிலையத்துத் தண்ணீர் மட்டும்தான் என்றாகலாம். உளுந்து, பயறுக்கும் மாட்டுக்கும் அதுவே. சாதாரணச் சுத்திகரிப்பில் கரைந்த உப்பு போகாது. கோடையில் அது மண்ணில் தங்கும். அந்தத் தண்ணீரில் தழைச்சத்தும் இருக்கும்; அது அதிகமானால் நெல் சாய்ந்துவிடும் என்பதை விவசாயிக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கமிஷனருக்குச் சொல்ல வேண்டும்.

படி 4: மனு

ஒரு பக்கம் போதும். இப்படி எழுதலாம்:

"ஐயா / அம்மா, மேற்படி திட்டத்தில் கீழ்க்கண்டவற்றைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம். (1) வெளியேற்றும் இடத்தையும், அந்நீர் சென்று சேரும் வாய்க்கால்களையும் காட்டும் வரைபடத்தை வெளியிட வேண்டும். (2) பிப்ரவரி முதல் மே வரை நீரை எங்கே தேக்குவீர்கள், யாருக்குத் தருவீர்கள் என்பதைத் திட்ட அறிக்கையில் குறிப்பிட வேண்டும். (3) பி.ஓ.டி. (நீரில் மீந்திருக்கும் மக்கும் கழிவைக் காட்டும் அளவு), மலக் கோலிஃபார்ம் (மலத்திலிருந்து வரும் கிருமி), உப்பு அளவுகளை மாதந்தோறும் குழாய் வாயிலருகே பலகையில் எழுதி வைக்க வேண்டும். (4) கரண்ட் போனாலும் கனமழையில் நிலையம் நிரம்பினாலும் சுத்திகரிக்காத நீர் வாய்க்காலில் விழாதிருக்க ஏற்பாடு வேண்டும். விழுந்தால் கீழுள்ள ஊராட்சிகளுக்கு யார், எவ்வளவு நேரத்தில் தகவல் சொல்வார்?"

மூன்றாவது நிபந்தனைக்கு ஆதாரமாக 2017-இல் மத்திய அரசு அறிவித்த வரம்பைக் காட்டலாம்: 100 மில்லி நீரில் மலக் கோலிஃபார்ம் 1,000-க்குக் கீழே. நான்காவதை மட்டும் யார் சொன்னாலும் நீக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பம்பிங் ஸ்டேஷன் என்ன பாடுபடும் என்று நமக்குத் தெரியும்.

படி 5: எங்கே கொடுப்பது

மாநகராட்சி ஆணையருக்கு அசல். நகல்கள் மாவட்ட ஆட்சியருக்கும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும், நீர்வளத் துறைச் செயற்பொறியாளருக்கும். ஆற்றையும் பாசன வாய்க்காலையும் பார்ப்பது நீர்வளத் துறை என்பதால் கடைசி நகலை விட்டுவிடக் கூடாது. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்து ரசீது எண் வாங்குங்கள். விவசாயிகள் குறைதீர் நாளில் இதே மனுவை கீழ்மடைக்காரர் ஒருவர் தன் பெயரில் கொடுத்தால் இன்னும் நல்லது. ஊராட்சி என்றால் கிராம சபையில் தீர்மானமாகவே போடலாம். மார்ச் 22, உலகத் தண்ணீர் தினக் கூட்டம் இதற்குப் பொருத்தம்.

படி 6: பின்தொடர்வது

"தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது" என்று ஒரு கடிதம் வரலாம். அதைப் பதிலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ரசீது எண்ணைக் குறிப்பிட்டு, அந்த மனுமீது எழுதப்பட்ட கோப்புக் குறிப்புகளின் நகலை இன்னொரு 10 ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டிக் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால், அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலக மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு போட வேண்டும். அதற்குத் தனி வழக்கறிஞர் தேவையில்லை.