காபூலில் மிச்சம் என்ன? ஒரு ஸ்டோர் தணிக்கைக்காரன் கணக்குப் போடும் விதம்

"ஆப்கானிஸ்தானில் அமெரிக்கா 8,500 கோடி டாலர் ஆயுதத்தைத் தாலிபானுக்கு விட்டுவிட்டுப் போய்விட்டது" என்று மைத்துனர் இன்னும் வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருக்கிறார். ஸ்டோர் தணிக்கையில் 28 வருஷம் குப்பை கொட்டியவன் நான். அந்தத் தொகையைப் பார்த்ததுமே சந்தேகம் வந்தது. ஒரு தாளை எடுங்கள், போட்டுப் பார்ப்போம்.

முதலில் தொகையைப் பிரியுங்கள். இருபது வருஷத்தில் ஆப்கான் படைகளுக்காக அமெரிக்கா செலவிட்ட சுமார் 8,300 கோடி டாலர்தான் வாய்க்கு வாய் 8,500 ஆனது. அதில் சம்பளம், பயிற்சி, எரிபொருள், கட்டடம் எல்லாம் அடக்கம். கல்யாணச் செலவு முழுவதையும் பாத்திரக் கணக்கில் எழுதுவது மாதிரி இது. 2022-ல் பென்டகன் (அமெரிக்கப் பாதுகாப்புத் துறை) நாடாளுமன்றத்துக்குக் கொடுத்த அறிக்கையில், 2005 முதல் 2021 ஆகஸ்ட் வரை கொடுத்த தளவாடம் 1,860 கோடி டாலர், அங்கேயே தங்கியது 712 கோடி. சின்னத் தொகை இல்லை, ஆனால் வேறு தொகை.

அடுத்து, பொருள் யாருடையது? அமெரிக்கப் படை தனக்கென வைத்திருந்தது ஒரு பதிவேடு. ஆப்கான் படைக்கு வழங்கியது இன்னொன்று. இரண்டையும் கலக்காதீர்கள். மேலே சொன்ன 712 கோடி இரண்டாவது பதிவேட்டைச் சேர்ந்தது.

அப்புறம் பணத்தை ஓரமாக வைத்துவிட்டு எண்ணிக்கைக்கு வாருங்கள். வழங்கிய வாகனம் 96,000, மிஞ்சியது 40,000-க்கு மேல், அதில் ஹம்வீ என்ற ராணுவ ஜீப் மட்டும் 12,000. வழங்கிய ஆயுதம் 4,27,300, மிஞ்சியது 3 லட்சத்துக்கு மேல். பக்கத்தில் 'நிலை' என்று ஒரு பத்தி போடுங்கள். ஓடுகிறதா, உதிரிபாகத்துக்குத்தான் ஆகுமா என்பது அதில் வர வேண்டும். பெரும்பாலும் காலியாகவே இருக்கும். இருக்கட்டும், ஊகித்து நிரப்ப வேண்டாம்.

விமானத்தில்தான் எல்லாரும் சறுக்குவார்கள். 2021 ஜூலை 31 நிலவரப்படி ஆப்கான் விமானப்படையின் இருப்பு 162, பறக்கும் நிலையில் 131. உஸ்பெகிஸ்தானுக்குப் பறந்து போனவை 46, அதாவது 22 விமானம், 24 ஹெலிகாப்டர். காபூல் விமான நிலையத்தில் செயலிழக்கச் செய்தவை 78, மதிப்பு 92.33 கோடி டாலர். கழித்தால் 38. உடனே 38 தாலிபான் கையில் என்று எழுதிவிடாதீர்கள். தஜிகிஸ்தானுக்கும் சில போயின. போதாததற்கு, சிறப்பு விமானப் பிரிவு ஒன்று தனிக் கணக்கில் இருந்தது. தப்பிப் போனவற்றில் அதன் விமானங்களும் இருந்தால், தொடக்க இருப்பில் இல்லாத பொருளைக் கழித்தவர்கள் ஆவோம். அந்த 78 கூட, அமெரிக்கப் படை வெளியேறிய நாளன்று அதன் தளபதி ஜெனரல் மெக்கென்சி சொன்னபோது 73. அதனால் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் யார் சொன்னது, எந்தத் தேதியில் என்று கட்டாயம் எழுதுங்கள்.

சரி, வழங்கிய கணக்காவது சுத்தமா? இங்கேதான் என் பழைய வியாதி தலைதூக்குகிறது. ஒரு கிடங்கில் ஒரே மோட்டாரை இரண்டு மோட்டாராகக் காட்டியிருந்தார்கள். வரிசை எண்ணில் வந்த பூஜ்யத்தை யாரோ ஆங்கில 'ஓ' என்று எழுதிவிட்டார். அதைப் பிடிக்க எனக்கு மூன்று நாள் ஆனது. ஆப்கானிஸ்தானில் இதே கூத்து மலையளவுக்கு நடந்தது. அமெரிக்காவின் ஆப்கான் மறுசீரமைப்புத் தணிக்கை அமைப்பு 2014-ல் பார்த்தபோது, ஓவர்லார்ட் என்ற பதிவுத் தொகுப்பில் இருந்த 4,74,823 ஆயுத வரிசை எண்களில் 2,03,888-ல், அதாவது நூற்றுக்கு 43-ல், விவரம் விடுபட்டிருந்தது அல்லது எண் இரட்டித்திருந்தது. 24,520 எண்கள் இரண்டு, மூன்று முறை வந்திருந்தன. இந்த அடித்தளத்தின் மேல்தான் 2021-ன் இருப்பு நிற்கிறது. ஆகவே துப்பாக்கிக் கணக்கை ஒற்றை எண்ணாக எழுதாமல், 'இதற்கு மேல்' என்றே எழுதுங்கள்.

கடைசியாக, வெளியே பழுதுபார்க்கப் போன பொருளுக்கு ஒரு வரி ஒதுக்குங்கள். காபூல் விழுந்தபோது ஆப்கான் படையின் ஐந்து எம்ஐ-17 ஹெலிகாப்டர்கள் உக்ரைனில் பழுதுபார்ப்பில் இருந்தன. 2022-ல் அமெரிக்கா அவற்றை உக்ரைனுக்கே கொடுத்துவிட்டது. 'விட்டுப்போனது' பத்தியிலும் வராது, 'திரும்பியது' பத்தியிலும் வராது. நான் 'இடமாற்றம்' என்று தனிப் பத்தி போட்டு எழுதினேன்.