ஏடிவி பெல்ட் பெட்டிக்குள் தண்ணீரும் சேறும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓடையைக் கடந்து கரையேறும்போது இன்ஜின் உறுமும், வண்டி நகராது. பெல்ட்டில் ஓடும் ஏடிவிகளில் (கரடுமுரடான தடங்களுக்கான நான்கு சக்கர வண்டிகளில்) தண்ணீர் புகுந்ததைக் காட்டும் முதல் அறிகுறி இது. அந்த நேரத்தில் பலரும் ஆக்சிலேட்டரை இன்னும் அழுத்துகிறார்கள். பெல்ட் பாழாவது பெரும்பாலும் தண்ணீரால் அல்ல, அந்த அழுத்தலால்தான்.

நம்மூர் கியர்லெஸ் ஸ்கூட்டர்களில் இருக்கும், வேக விகிதம் தானாக மாறும் சிவிடி அமைப்புதான் இங்கே பெரிய அளவில் இருக்கிறது. இன்ஜின் கிராங்கில் ஒரு புல்லி (முன்புல்லி), கியர்பாக்ஸ் ஷாஃப்டில் ஒரு புல்லி (பின்புல்லி), இரண்டையும் இணைக்கும் வி வடிவ ரப்பர் பெல்ட். பல் எதுவும் கோத்துக்கொள்வதில்லை. பெல்ட்டின் பக்கங்கள் புல்லித் தட்டுகளை இறுகப் பற்றும் பிடிப்பு ஒன்றே வண்டியை இழுக்கிறது. பெல்ட் சூடாகும் என்பதால் பெட்டியைக் காற்றுப் புகாமல் மூடிவிடவும் முடியாது. முன்பக்கக் குழாய் வழியே குளிர்ந்த காற்று வரும், புல்லியில் இருக்கும் விசிறி இதழ்கள் அதைச் சுழற்றும், பின்பக்கக் குழாய் வழியே சூடு வெளியேறும். காற்றுக்கு வைத்த வழியில்தான் தண்ணீரும் வருகிறது. போலாரிஸ் நிறுவனம் பனிச்சறுக்கு வண்டிகளில் பயன்படுத்திவந்த இந்த முறையை 1985-ல் தன் முதல் ஏடிவிகளிலும் வைத்தது. இன்று போலாரிஸ், கேன்-ஆம், யமஹா கிரிஸ்லி, கவாசாகி ப்ரூட் ஃபோர்ஸ், சிஎஃப்மோட்டோ என்று பலவும் பெல்ட் வண்டிகள். ஹோண்டா ராஞ்சர், ஃபோர்மேன் போன்றவற்றில் பெல்ட் கிடையாது, கியர்தான். அந்த வண்டிக்காரர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

வழுக்கும்போது முறுக்குவது

பெல்ட் நனைந்திருக்கும்போது முன்புல்லி மட்டும் வேகமாகச் சுற்றும். பெல்ட் அசையாமல் நிற்கும். புல்லித் தட்டு பெல்ட்டின் ஒரே இடத்தைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். ஈரம் ஆவியானதும் அதே இடம் கருகும். சில நொடிகள் போதும், அந்த இடத்தில் பெல்ட்டின் அகலம் குறைந்துவிடும். அதன் பிறகு வண்டி ஓடும், ஆனால் மெதுவாகப் போகும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் அதிர்வு காலுக்குத் தெரியும். அந்த பெல்ட்டைக் காப்பாற்ற வழியில்லை.

வழுக்கல் தெரிந்ததும் ஆக்சிலேட்டரை விட்டுவிடுங்கள். சமதரையில் நிறுத்தி, பார்க்கிங் பிரேக் போட்டு, இன்ஜினை அணையுங்கள். பெல்ட் கவரின் அடியில் பெரும்பாலான மாடல்களில் ஒரு டிரெயின் பிளக் இருக்கும். அதைக் கழற்றி, சொட்டுவது நிற்கும்வரை வடியவிடுங்கள். பிறகு நியூட்ரலில் இன்ஜினை ஓட்டி, ஆக்சிலேட்டரை ஏற்றி இறக்கி 10 முதல் 15 நொடி முறுக்குங்கள். முழுதாக அழுத்தி 10 நொடிக்கு மேல் பிடிக்கக் கூடாது. இன்ஜின் ஐடிலுக்கு இறங்கிய பிறகே லோ கியர் (மெதுவாக, அதிக இழுவையோடு போகும் நிலை) போட்டு, மெல்ல நகர்த்திப் பாருங்கள். இன்னும் வழுக்கினால் திரும்பவும் நியூட்ரலுக்கு வந்து அதையே செய்யுங்கள். பிளக்கைத் திரும்பப் போட மறப்பது மிகச் சாதாரணமாக நடக்கிறது. அடுத்த பள்ளத்திலேயே அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் ஏறிவிடும்.

சேற்றையும் தண்ணீர் போலவே நினைப்பது

எல்லாவற்றிலும் செலவு வைக்கும் தவறு இது. தெளிந்த தண்ணீர் என்றால் மேலே சொன்னதோடு வேலை முடிந்தது. பிளக் வழியே வடிவது கலங்கலாகவோ பழுப்பாகவோ இருந்தால், நியூட்ரலில் முறுக்கி உலர்த்துவது தண்ணீரை மட்டுமே விரட்டும், மண் உள்ளேயே தங்கும். உலர்ந்ததும் வண்டி நன்றாக இழுக்கும், எல்லாம் சரியாகிவிட்டது என்று தோன்றும். ஆனால் அந்த மண் புல்லித் தட்டுக்கும் பெல்ட்டுக்கும் நடுவே உப்புத்தாள் போல வேலை செய்யத் தொடங்கியிருக்கும்.

பெல்ட்டோடு போகிற சேதம் என்றால்கூடப் பரவாயில்லை. முன்புல்லியின் எடைக்கற்கள், அவை உருளும் ரோலர்கள், நகரும் தட்டைத் தாங்கும் புஷ்கள், பின்புல்லியின் ஸ்ப்ரிங் ஆகியவற்றின் இடுக்குகளில் நுண்மண் போய் உட்காருகிறது. நகர வேண்டிய தட்டு சிக்கிச் சிக்கி நகரும். வண்டி புறப்படும்போது குதிக்கும், வேகம் ஏறும்போது இன்ஜின் வேகம் தாவும். புஷ் தேய்ந்து தட்டு ஆடத் தொடங்கினால் புதுப் பெல்ட் போட்டாலும் நீடிக்காது.

ஆகவே கலங்கல் வந்தால் தடத்தில் லோ கியரில் மெல்ல வீடு திரும்புங்கள், அன்றே கவரைத் திறந்துவிடுங்கள். மண் காய்ந்து இறுகிய பிறகு சுரண்டுவது பல மடங்கு வேலை.

கவரைத் திறந்ததும் உடனே கழுவிவிடாதீர்கள். டார்ச் அடித்து உள்ளே மண் எப்படிப் படிந்திருக்கிறது என்று பாருங்கள். சேறு நுழைந்த இடத்திலிருந்து கவரின் உட்புறத்தில் மெல்லிய கோடாகத் தொடங்கி, கீழே போகப் போக விரிந்த தடம் இருக்கும். அது மேலே காற்றுக்குழாய் கிளிப்பில் தொடங்கினால் கிளிப் தளர்ந்திருக்கிறது அல்லது குழாய் கிழிந்திருக்கிறது. கவர் விளிம்பில் தொடங்கினால் கேஸ்கெட் (விளிம்பில் கசிவைத் தடுக்கும் பட்டை) கோளாறு. புல்லிகளுக்குப் பின்னாலிருந்து வந்தால் உள்கவரின் சீலைப் பாருங்கள். ஈரத்தோடு எண்ணெய்ப் பசையும் இருந்தால், கிராங்க் அல்லது கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டின் ஆயில் சீல் போயிருக்கலாம். அதை உலர்த்திச் சரிசெய்ய முடியாது.

தவறான பொருளால் துடைப்பது

பெல்ட்டை வெளியே எடுக்கப் பின்புல்லியை விரிக்க வேண்டும். அதற்கென்று பல வண்டிகளோடு ஒரு கருவி கொடுக்கிறார்கள். அதை விட்டுவிட்டு ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் அலுமினியத் தட்டில் கீறல் விழும். அந்தக் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் பெல்ட்டை அறுக்கும்.

பெல்ட்டை வெதுவெதுப்பான தண்ணீரிலும் பாத்திரம் கழுவும் சோப்பிலும் கழுவி, சோப்பு போக அலசி, நிழலில் முழுக்க உலரவிடுங்கள். பெட்ரோல், தின்னர், டீசல் எதுவும் ரப்பரில் படக் கூடாது. புல்லித் தட்டுகளுக்குச் சோப்பு போதாது. மண்ணைக் கழுவி உலர்த்திய பிறகு, பிரேக் கிளீனரோ ஐசோபிரொப்பைல் ஆல்கஹாலோ நனைத்த துணியால் துடைத்து, கருப்பாக ஒட்டிய ரப்பர் படலத்தை ஸ்காட்ச்-பிரைட் தேய்ப்பானால் எடுங்கள். சிக்கும் தட்டுக்கு டபிள்யூடி-40 அடிப்பதும் கிரீஸ் தடவுவதும் வேண்டாம். சுழலும்போது அது தெறித்துப் பெல்ட்டில் படும், மிச்ச மண்ணையும் பிடித்து வைக்கும். கம்ப்ரஸர் காற்றால் ஊதும்போது முகக்கவசமும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

பெல்ட்டைத் திரும்ப மாட்டும் முன் பக்கங்களைக் கையால் தடவிப் பாருங்கள். கண்ணாடி போல வழவழப்பாக இருந்தாலோ, ஓரிடத்தில் ஒடுங்கியிருந்தாலோ, நூல் வெளியே தெரிந்தாலோ மாற்றிவிடுங்கள். நன்றாக இருந்தால் முன்பு ஓடிய அதே திசையில் மாட்டுங்கள். கழற்றும்போதே சாக்பீஸால் ஓர் அம்புக்குறி போட்டு வைத்தால் குழப்பம் வராது.

கவரை சிலிக்கான் பூசி அடைப்பது

பழைய கேஸ்கெட்டின் மேல் சிலிக்கானைத் தாராளமாகப் பூசுவது பட்டறைகளில் வழக்கமாகவே ஆகிவிட்டது. பிதுங்கிய துண்டு உள்ளே விழுந்து பெல்ட்டில் மாட்டும், இல்லாவிட்டால் டிரெயின் ஓட்டையை அடைக்கும். அடுத்த முறை கவரைப் பிரிக்கும்போது விளிம்பும் உடையும். விளிம்பைச் சுத்தமாகத் துடைத்து, புது கேஸ்கெட் போடுவதே நிற்கும். கவர் பிளாஸ்டிக் என்பதால் போல்ட்டுகளை வெறிகொண்டு முறுக்கக் கூடாது. பல போலாரிஸ் மாடல்களில் சுமார் 5 நியூட்டன் மீட்டர்தான்; உங்கள் வண்டிக்கு என்ன என்பதைக் கையேட்டில் பாருங்கள். அதிகம் முறுக்கினால் போல்ட்டுகளுக்கு நடுவே கவர் வளைந்து, அங்கேயே இடைவெளி விழும்.

ஆழத்தைக் கணிக்காமல் இறங்குவது

கால் வைக்கும் தட்டின் அடிமட்டம்தான் போலாரிஸ் கையேடு சொல்லும் எல்லை. வேகமாகப் பாய்ந்தால் முன்னால் எழும் அலை காற்றுக்குழாயின் வாய்க்கே வந்துவிடும், ஆழம் குறைவாக இருந்தாலும். லோ கியரில், ஒரே சீராக, நடக்கும் வேகத்தில் கடந்து போங்கள். நடுத்தண்ணீரில் நின்றுவிடுவதும் ஆபத்து. புல்லிகள் சுற்றும்வரை காற்றைப் பின்குழாய் வழியே வெளியே தள்ளிக்கொண்டிருக்கும், அவை நின்றதும் அதே குழாய் வழியே தண்ணீர் உள்ளே ஏறும். சேற்றில் சிக்கி ஹை கியரில் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தால் தண்ணீரே படாத பெல்ட்டும் கருகிவிடும். சுமை இழுக்கவும், சதுப்பில் ஊரவும் லோ கியர்தான்.

இன்ஜினே தண்ணீரில் மூழ்கி நின்றுவிட்டால் கதை வேறு. ஏர்பாக்ஸ், இன்ஜின் ஆயில் இரண்டிலும் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்காமல் ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள். பெல்ட் பெட்டியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அரைகுறை ஸ்நார்க்கல்

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் சேற்றுச் சவாரிக்காரர்கள் குழாய்களை உயரே தூக்கி வைப்பது வழக்கம். இன்ஜின் காற்றுக்குழாயை மட்டும் தூக்கிவிட்டு, பெல்ட் பெட்டியின் இரண்டு குழாய்களையும் மறந்துவிடுவது முதல் பிழை. உள்வரும் குழாயைத் தூக்கி, வெளிவிடும் குழாயைக் கீழேயே விடுவது இரண்டாவது. மூன்றாவது, ஒடுங்கிய பைப்பும் நிறைய எல்போக்களும் போட்டுக் காற்றோட்டத்தைக் குறைப்பது. தண்ணீர் வராது, ஆனால் பெல்ட் வெந்துபோகும். பைப்பின் உள்விட்டம் கம்பெனிக் குழாயைவிடக் குறையவே கூடாது. ஒவ்வொரு இணைப்பையும் கிளிப் போட்டு இறுக்க வேண்டும்.

வீட்டில் பிரஷர் வாஷரால் கழுவும்போதும் இந்தக் குழாய் வாய்களுக்கு நேராகப் பீய்ச்சாதீர்கள். ஓடையில் தப்பிய பெல்ட் கழுவும் இடத்தில் நனைந்து, மறுநாள் காலையில் வழுக்குவதுண்டு. கடுங்குளிர் நாடுகளில் அந்த நீர் இரவில் உறைந்து பெல்ட்டைப் புல்லியோடு ஒட்டிவிடும். கழுவி முடித்ததும் பிளக்கைத் திறந்து, நியூட்ரலில் சிறிது முறுக்கி உலர்த்துங்கள். காற்று உள்வரும் வாயில் வலையோ ஃபோம் ஃபில்டரோ இருந்தால் அதில் அப்பிய சேற்றையும் எடுத்துவிடுங்கள்.

அறுந்த பெல்ட்டின் குப்பையை விட்டுவைப்பது

தடத்தில் பெல்ட் அறுந்தால், புதியதை மாட்டிக் கிளம்பும் அவசரம் புரிகிறது. ஆனால் நார்நாராகப் பிரிந்த நூல் பின்புல்லிக்குப் பின்னால், ஷாஃப்டில் சுற்றியிருக்கும். அது ஆயில் சீலை அறுத்தால் கியர்பாக்ஸ் எண்ணெய் பெல்ட் மேல் ஒழுகத் தொடங்கும். ரப்பர் துண்டுகள் வெளிவிடும் குழாயை அடைத்தால் புதுப் பெல்ட்டும் அன்றே சூடேறிப் போகும். கொக்கி போல வளைத்த கம்பியாலோ நீண்ட மூக்குக் குறடாலோ ஒவ்வொரு நூலையும் இழுத்தெடுங்கள். குழாயைக் கழற்றி, அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள்.

புதுப் பெல்ட்டையும் மாட்டுவதற்கு முன் சோப்புத் தண்ணீரில் கழுவி உலர்த்துங்கள். வார்ப்பிலிருந்து எடுக்கும்போது ஒட்டிய வழுக்கும் பூச்சு அதில் இருக்கும். முதல் 50 முதல் 80 கிலோமீட்டர் வரை முழு ஆக்சிலேட்டர் வேண்டாம், பாரம் இழுக்க வேண்டாம், ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டவும் வேண்டாம். ஆழமான தண்ணீரையும் அதுவரை தள்ளிப்போடுங்கள்.