கடைசலில் உப்புத்தாள் பிடிக்கும்போது பொடியை எப்படி அடக்குவது?

மரத்தைச் சுழற்றுகிற லேத்தில் உளி போட்டுக் கடையும்போது விழுகிற சீவலுக்குப் பயப்பட வேண்டாம், அது காலடியிலேயே கிடக்கும். அதற்கப்புறம் உப்புத்தாள் பிடிக்கும்போது கிளம்புகிற மாவுப் பொடிதான் ஆளைக் கெடுக்கும். அதில் கண்ணுக்கே தெரியாத பகுதி மணிக்கணக்கில் காற்றில் நிற்கும், நெஞ்சின் அடிவரை போகும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. குறிப்பாக மூக்கிலும் அதை ஒட்டிய எலும்புக் குழிகளிலும் வருகிற புற்றுநோய். தேக்கு, ஈட்டிப் பொடி சிலருக்குத் தோலில் அரிப்பைக் கொண்டுவரும். வாகையைத் தொட்டால் பட்டறை முழுக்கத் தும்மல்தான். கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரம் பக்கமிருந்து வருகிற ரப்பர் மரத்தில் பூச்சி விழாமலிருக்க மருந்து ஏற்றியிருப்பார்கள், அதன் பொடியில் அந்த மருந்தும் சேர்ந்தே வரும்.

நம் ஊர் வழக்கம், துண்டை மூக்கில் கட்டிக்கொள்வது. தயவுசெய்து அதை விடுங்கள். துண்டு மாவுப் பொடியைத் தடுக்காது. அதன் நுனி சுற்றுகிற கட்டில் காலில் சிக்கினால் கழுத்தோடு இழுக்கும். மாவுப் பொடியை வடிகட்டுகிற என்95 அல்லது எஃப்எஃப்பி2 ரக முகக்கவசம் போடுங்கள். மீசை இருக்கலாம்; தாடி இருந்தால் ஓரத்தில் இடைவெளி விழுந்து கவசம் போட்டும் பலனில்லை. வேர்வையில் நனைந்து மூச்சுவிடச் சிரமமானால் மாற்றிவிட வேண்டும்.

ஆனால் முகக்கவசம் கடைசிக் காவல். முதல் வேலை, மரத்தை விட்டுப் பொடி கிளம்புகிற இடத்திலேயே அதைப் பிடிப்பது.

லேத்தில் மரம் மேலிருந்து நம்மை நோக்கி வந்து, முன்பக்கமாக இறங்கி, அடிவழியாகப் பின்னால் போகிறது. தாளை மேலே வைத்தால் பொடி நேராக முகத்துக்கு வரும். அதனால் முன்பக்க அடியில் வைத்துப் பிடியுங்கள். பொடி கீழேயும் பின்னாலும் பறக்கும். அதற்கு முன் உளியைத் தாங்குகிற டூல் ரெஸ்ட்டைக் கழற்றி ஓரமாக வையுங்கள். விரல் நசுங்காது, பொடியை மோட்டாரால் இழுக்கிற உறிஞ்சு குழாய்க்கும் இடம் கிடைக்கும். தாளை விரலில் சுற்றிக்கொள்ளவே கூடாது. வேகத்தையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

உறிஞ்சு குழாயின் வாய் மரத்துக்குப் பின்னால், சற்றுத் தாழ்ந்து, நம்மைப் பார்த்து இருக்க வேண்டும். எவ்வளவு பக்கம் என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். நாலு அங்குலக் குழாயிலிருந்து நாலு அங்குலம் தள்ளிப் போனாலே இழுக்கிற வேகம் வாயில் இருப்பதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகிவிடும். பெரிய மோட்டார் வாங்குவதைவிட வாயைக் கிட்டே கொண்டுவருவது மேல். பெயின்ட் வாளியை நெடுக்கே பாதியாக வெட்டி, அடியில் ஓட்டை போட்டு, நாலு அங்குல பிவிசி குழாயைச் செருகினால் நல்ல வாய் கிடைக்கும். அதை லேத் படுக்கையில் நகரும்படி பூட்டி, கட்டில் காலை அரை அடி அரை அடியாகத் தேயுங்கள். வீட்டு வேக்குவம் கிளீனர் இந்த அகல வாய்க்குப் போதாது. அது இழுக்கிற காற்றின் அளவு குறைவு. சின்ன மூக்குக் குழாயை வேலைக்கு ஒட்டிப் பிடித்தால் மட்டும் உதவும். சரியாக இழுக்கிறதா என்று பார்க்க, லேத்தை நிறுத்திவிட்டு, பொடி கிடக்காத இடமாகப் பார்த்து, வாய்க்கு முன் ஊதுபத்தியைக் காட்டுங்கள். புகை எங்கே வளைந்து உள்ளே போகிறதோ அதுவரைதான் அதன் ஆட்சி.

ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் பட்டறை உள்ளவர்களுக்கு ஒன்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை கணவாய்க் காற்று கதவைப் பிய்க்கும். காற்று முதுகில் அடித்தால் பொடி முன்னால் போய்விடும் என்று தோன்றும். அப்படி நடக்காது. நம் உடம்பு தடுத்து நெஞ்சுக்கு முன்னால் ஒரு சுழல் உண்டாகி, பொடியை மூக்குக்கே தூக்கும். காற்று பக்கவாட்டில் கடந்து போகிற மாதிரி லேத்தைத் திருப்பிப் போடுங்கள். வெளியேறுகிற பொடி பக்கத்து வீட்டுத் துணியில் போய் விழாதபடியும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தேய்க்கிற வேலையே குறைந்தால் பொடியும் குறையும். கடைசிச் சீவலை நன்றாகத் தீட்டிய உளியால் மெல்லிசாக எடுத்தால் முரட்டுத் தாள் தேவைப்படாது. கிண்ணம் மாதிரிச் சின்னச் சாமான்களுக்கு எண்ணெய் தடவி, நனைத்துத் தேய்க்கிற கறுப்பு வாட்டர் பேப்பரால் தேய்க்கலாம். பொடி பறக்காமல் சேறாக ஒட்டிக்கொள்ளும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் பொடிக்குள் எறியாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். விரித்து வெளியே காயப் போடுங்கள். உளி தீட்டுகிற கிரைண்டரின் பொறியும் பொடிப் பைக்குள் போகக் கூடாது.

லேத் நின்றதும் கவசத்தைக் கழற்றாதீர்கள். பட்டறையை இருட்டாக்கி டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள், எவ்வளவு மிதக்கிறது என்று தெரியும். அது குறைகிறவரை உறிஞ்சியும் ஓடட்டும். கம்ப்ரசரால் ஊதிச் சுத்தம் செய்வது படிந்ததை மறுபடி கிளப்பிவிடும் வேலை. ஈரத்துணியால் துடைத்து எடுங்கள், சட்டையை வீட்டுக்குள் போகுமுன் வெளியே கழற்றுங்கள்.