சான் ஜிமிஞானோ: ஊரின் வரலாற்றைக் கல்லிலேயே படிப்பது எப்படி?

மும்பையிலிருந்து குரூப் டூரில் இத்தாலி போனால் இந்த மலையூருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒன்றிரண்டு மணி நேரம். கோபுரத்தோடு ஒரு செல்ஃபி, அவ்வளவுதான். வரலாறு வேண்டுமென்றால் அரை நாள் ஒதுக்கித் தனியாகப் போங்கள். ஃபிளாரன்ஸிலிருந்து போஜிபோன்ஸிக்கு ரயில், அங்கிருந்து பஸ். ஞாயிறன்று பஸ் குறைவு. காகித டிக்கெட் என்றால் ரயில் ஏறுமுன் ஸ்டேஷன் மெஷினில் முத்திரை குத்த வேண்டும்; லோக்கல் டிரெயின் பாஸ் பழக்கத்தில் மறந்தால் அபராதம்.

தெற்கே போர்த்தா சான் ஜொவான்னி வாசலில் தொடங்குங்கள். அது 1262-இல் எழுந்தது. தெருவில் மேலேறினால் பெக்கி வளைவு வரும். பழைய மதிலின் வாசல் அதுதான். உள்ளே போகப் போக வயது கூடும். ரோமுக்குப் போகும் யாத்திரைப் பாதை ஊருக்குள்ளேயே ஓடியது. சத்திரங்களும் குங்குமப்பூ வியாபாரமும் பெருக, முதல் மதில் போதாமல் போயிற்று.

வளைவைத் தாண்டியதும் சதுக்கம், நடுவில் கிணறு: 1273-இல் கட்டி, 1346-இல் பெரிதாக்கியது. விளிம்பைத் தடவிப் பாருங்கள், கயிறு அறுத்த பள்ளங்கள் விரலுக்குத் தட்டுப்படும்.

ஒரு காலத்தில் இருந்த கோபுரங்கள் 72 என்பார்கள். இன்று நிற்பவை 14 அளவில். சுவர் தடிமன், உள்ளே அறை குறுகல். வசதிக்காகக் கட்டியதல்ல, பக்கத்து வீட்டுக்காரனை மிஞ்சக் கட்டியது. ஊர் நிர்வாக மாளிகையின் ரொஞோசா கோபுரத்தை யாரும் தாண்டக்கூடாதென்று 1255-இல் சட்டமே போட்டார்கள். மனையில் எவ்வளவு கட்டலாம் என்ற எஃப்.எஸ்.ஐ. தகராறு பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. வெளிச்சுவரில் வரிசையாகச் சதுர ஓட்டைகள் தெரிந்தால் அவை ஜன்னல் அல்ல. சாரத்துக்கும் மரப் பால்கனிக்கும் உத்திரம் செருகிய இடம்.

நகர மண்டபத்தில்தான் பலரும் காலக் கணக்கில் சறுக்குவார்கள். கவிஞர் தாந்தே தூதராக வந்தது 1300-இல். அங்குள்ள லிப்போ மெம்மியின் மாதா சுவரோவியம் 1317-இல் தீட்டியது. அதைப் பார்த்தபடி அவர் பேசியிருக்க முடியாது. அருகிலுள்ள தோர்ரே குரோஸ்ஸா கோபுரம் 54 மீட்டர். லிஃப்ட் இல்லை, முழங்காலை நம்புங்கள்.

1348-இல் கொள்ளைநோய். ஆள் குறைந்தது, காசு குறைந்தது. சில ஆண்டுகளிலேயே ஊர் ஃபிளாரன்ஸுக்குப் பணிந்தது. இடித்துப் புதிதாகக் கட்டக் கையில் காசில்லை. அதனால்தான் கோபுரங்கள் தப்பின.

நடுப்பகலில் டூர் பஸ் கூட்டம் இறங்கும்போது ரோக்கா சிதிலக் கோட்டைக்கு ஏறிவிடுங்கள். பணிந்த ஊரைக் கண்காணிக்க ஃபிளாரன்ஸ் கட்டியது. கோபுரங்களை மொத்தமாகப் பார்க்க அதைவிட நல்ல இடமில்லை, கட்டணமும் இல்லை.