ஃபைப்ரோனெக்டினைக் குலுக்காமல் தட்டில் பூசுவது எப்படி

டர்பனில் எங்கள் லேபுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே தப்பைத்தான் செய்வார்கள்: செல்களைத் தட்டில் ஒட்டவைக்கும் புரதமான ஃபைப்ரோனெக்டின் பொடியில் தண்ணீர் விட்ட கையோடு குப்பியை வோர்டெக்ஸில் (வேகமாக ஆட்டிக் கலக்கும் கருவி) வைத்து உலுக்குவது. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன், உள்ளே வெள்ளை வெள்ளையாக நூல் திரண்டுபோனது, அந்தக் குப்பியின் விலை தெரிந்த பிறகு ராத்திரி தூக்கமே வரவில்லை.

ஃபைப்ரோனெக்டின் கல்லீரல் சுரக்கிற புரதம், நம் பிளாஸ்மாவில் மில்லிலிட்டருக்குச் சுமார் 300 மைக்ரோகிராம் இருக்கும். குலுக்கினால் மடிப்பு விரிந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். செல்லின் மேற்பரப்பில் உள்ள இன்டெக்ரின்கள் என்ற ஒட்டும் புரதங்கள் பற்றிக்கொள்ளும் இடம் இதில் இருப்பதால்தான் தட்டில் பூசுகிறோம்.

குப்பியை அறை வெப்பத்துக்கு வரவிட்டு, மில்லிகிராமுக்கு 1 மில்லிலிட்டர் கிருமி நீக்கிய தண்ணீர் விட்டு (கூட வரும் தாளில் வேறு அளவு இருந்தால் அதன்படி செய்யுங்கள்), 37 டிகிரியில் அரை மணி நேரம் தொடாமல் வையுங்கள். ஓரிரு துணுக்கு மிதந்தால் பரவாயில்லை.

சரி, கணக்கு. சதுர சென்டிமீட்டருக்கு 1 முதல் 5 மைக்ரோகிராம் வழக்கம், நான் 2-ல் தொடங்குவேன். ஆறு குழித் தட்டில் ஒரு குழி சுமார் 9.5 சதுர சென்டிமீட்டர், அப்போது 19 மைக்ரோகிராம் வேண்டும். பாஸ்பேட் உப்புக் கரைசலில் மில்லிலிட்டருக்கு 20 மைக்ரோகிராமாகக் கலந்து குழிக்கு 1 மில்லிலிட்டர் விட்டால் முடிந்தது. 37 டிகிரியில் ஒரு மணி நேரம். மிச்சத்தை உறிஞ்சிவிட்டு உடனே செல்களை விடுங்கள், ஹூட்டின் (கிருமி புகாமல் வேலை செய்யும் காற்றோட்டப் பெட்டி) காற்றில் தட்டு காய்ந்தால் பூச்சு கெட்டுவிடலாம்.

செல் ஒட்டுவதை அளக்கிறீர்களா? ஒப்பிட்டுப் பார்க்க, செல்கள் ஒட்டாத ஆல்புமின் புரதம் மட்டும் பூசிய குழி ஒன்று கட்டாயம், செல்களும் சீரம் இல்லாத ஊடகத்தில் இருக்கட்டும். சீரத்திலேயே ஃபைப்ரோனெக்டினும், அதைப் போலவே செல்களை ஒட்டவைக்கும் வைட்ரோனெக்டினும் இருப்பதால், எது ஒட்டவைத்தது என்று சொல்லவே முடியாது.

அப்புறம் இது மனித ரத்தத்திலிருந்து எடுத்தது. எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சோதனை முடிந்தே வந்தாலும் கையுறை போட்டு, ரத்தத்தைப் போலவே கையாளுங்கள்.

குப்பியில் கரைத்து மீதி இருப்பதைச் சின்னச் சின்னக் குழாய்களில் பிரித்து உறையவைத்து, ஒன்றை ஒரு தடவைக்கு மேல் உருக்காதீர்கள். 2023-ல் லோட்ஷெடிங் (முறைவைத்து மின்வெட்டு) உச்சத்தில் இருந்தபோது ஜெனரேட்டர் இணைப்பு இல்லாத ஃப்ரீசரில் வைத்து இரண்டு மாதச் சரக்கை இழந்தோம், அதனால் எந்த ஃப்ரீசருக்கு ஜெனரேட்டர் உண்டு என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.