பழகினாலும் போகாத வலிகள்: புதிதாக சைக்கிள் ஓட்டுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சைக்கிள் வாங்கிய முதல் மாதத்தில் உட்காருமிடம் வலிக்கும், கை மரத்துப்போகும், முட்டி பிடித்துக்கொள்ளும். யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான்: "ஓட்ட ஓட்டப் பழகிடும்." அதில் பாதிதான் உண்மை. உட்காரும் எலும்பு பதிகிற இடத்தில் வரும் லேசான வலி இரண்டு மூன்று வாரத்தில் பழகிவிடும். தொடைச் சதையின் களைப்பும் அப்படியே. முட்டி வலி பழகாது. விரல் மரத்துப்போவது பழகாது. தொடையிடுக்கு மரத்துப்போவதைப் பழக்கிக்கொள்ளவே கூடாது. இந்த மூன்றில் எது வந்தாலும் வண்டியில் ஏதோ ஓர் அளவு தப்பியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஒரு அலென் கீயும் (ஆறுபக்க முனையுள்ள திருகுசாவி) பத்து நிமிடமும் இருந்தால் திருத்திவிடலாம். அதைச் செய்யாமல் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டி, கடைசியில் சைக்கிளை மூலையில் சாத்திவிடுகிறோம்.

சீட்டை இறக்கி வைப்பது

நின்றால் இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும் என்று புதியவர்கள் சீட்டை இறக்கிவிடுவார்கள். நிற்கும்போது நிம்மதிதான். ஆனால் மிதிக்கிற ஒவ்வொரு சுற்றிலும் முட்டி அளவுக்கு மேல் மடங்குகிறது. முட்டிச்சில்லின் பின்னால் அழுத்தம் கூடுகிறது. ஒரு மணி நேரத்தில் கால் நாலாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றும் என்பதை நினைத்துப் பாருங்கள். முட்டியின் முன்பக்கம் வலித்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது தாழ்ந்த சீட்டைத்தான்.

சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் ஏறி உட்காருங்கள். குதிகாலைப் பெடலில் வைத்துப் பின்பக்கமாகச் சுற்றுங்கள். பெடல் அடியில் வரும்போது கால் முழுதாக நீண்டிருக்க வேண்டும். அதற்காக இடுப்பு ஒருபக்கம் சாயவும் கூடாது. இப்போது பெருவிரலுக்குப் பின்னால் இருக்கும் மேட்டைப் பெடலின் அச்சுக்கு நேரே வைத்தால், முட்டி 25 முதல் 35 டிகிரி வரை மடங்கி நிற்கும். அதுதான் தேவையான உயரம்.

கணக்காகவும் பார்க்கலாம். வெறுங்காலோடு சுவரில் முதுகை ஒட்டி நின்று, கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு நடுவே கவட்டில் இடிக்கும்வரை ஏற்றிப் பிடியுங்கள். தரையிலிருந்து புத்தகத்தின் மேல் விளிம்பு வரை அளந்து 0.883 ஆல் பெருக்கினால், கிராங்க் (பெடலைத் தாங்கிச் சுற்றும் கம்பி) சுழலும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை இருக்க வேண்டிய தூரம் வரும். 80 செ.மீ. என்றால் 70.6 செ.மீ. இதை முடிந்த விடையாகக் கொள்ளாதீர்கள். கிராங்கின் நீளம், செருப்பா ஷூவா, அடித்தோல் எவ்வளவு தடிமன் என்பதைப் பொறுத்து அளவு சற்று முன்பின் ஆகும். முட்டியின் பின்பக்கம் இழுத்தால், அல்லது மிதிக்கும்போது இடுப்பு இடமும் வலமுமாக ஆடினால் சீட் உயர்ந்துவிட்டது. ஒரு தடவைக்கு 5 மி.மீ. மட்டும் மாற்றி, இரண்டு மூன்று நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்த மாற்றத்துக்குப் போங்கள். சரியான இடம் அமைந்ததும் சீட் போஸ்ட்டில் (சீட்டைத் தாங்கும் குழாயில்) ஒரு டேப் ஒட்டி அடையாளம் செய்துகொள்ளுங்கள். போஸ்ட்டில் குறைந்தபட்ச ஆழத்துக்கு ஒரு கோடு போட்டிருக்கும். அந்தக் கோடு வெளியே தெரிந்தால் போஸ்ட் முறியலாம், ஃபிரேமே விரிசல் விடலாம்.

இந்த உயரத்தில் உட்கார்ந்தபடி இரண்டு காலையும் ஊன்ற முடியாது. அதனால்தான் நிற்பதையும் கிளம்புவதையும் தனியாகப் பழக வேண்டும். வண்டி நிற்கப்போகும் கடைசி நொடியில், அடியில் இருக்கும் பெடலில் எடையைக் கொடுத்து, சீட்டை விட்டு முன்பக்கம் இறங்கி, மற்றக் காலைத் தரையில் ஊன்றுங்கள். கிளம்பும்போது வலது பெடலைக் கடிகாரத்தில் இரண்டு மணி காட்டும் இடத்துக்குக் கொண்டுவந்து அதன்மேல் எழும்பி நில்லுங்கள். வண்டியும் நகரும், நீங்களும் சீட்டின் உயரத்துக்கு வந்திருப்பீர்கள். காலியான இடத்தில் இருபது தடவை செய்தால் வந்துவிடும்.

மெத்தென்ற சீட்டும் மரத்துப்போகும் கையும்

வலி வந்ததும் தடிமனான ஜெல் உறை வாங்கிப் போடுவது அநேகமாக எல்லாரும் செய்யும் தவறு. பத்து நிமிடத்துக்குச் சுகமாக இருக்கும். அதற்குமேல் உட்காரும் எலும்பு இரண்டும் உள்ளே அமிழ்ந்து, நடுப்பகுதி பிதுங்கி எழுந்து, நரம்பும் ரத்தக் குழாயும் ஓடும் மென்மையான இடத்தை அழுத்தத் தொடங்கும். மென்மையைவிட அகலம் முக்கியம். அளப்பது எளிது. நெளிவு வைத்த பெட்டி அட்டை ஒன்றைக் கடினமான ஸ்டூலில் போட்டு, சற்று முன்சாய்ந்து உட்கார்ந்து எழுங்கள். அட்டையில் இரண்டு குழி விழுந்திருக்கும். அவற்றின் நடுப்புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரத்தோடு 2 முதல் 3 செ.மீ. கூட்டினால் சீட்டின் பின்பக்க அகலம் கிடைக்கும்.

சீட் மட்டமாக இருக்க வேண்டும். அதன் மூக்கு, அதாவது முன் நுனி, தூக்கியிருந்தால் முன்னால் அழுத்தும். அதற்குப் பயந்து மூக்கை ரொம்பத் தாழ்த்தினால் உடம்பு முன்னால் வழுக்கிக்கொண்டே இருக்கும். அதைத் தடுக்கக் கைகள் ஓயாமல் தள்ள வேண்டியிருக்கும். கை மரத்துப்போவதற்கான காரணம் பல நேரம் சீட்டில் இருப்பது இப்படித்தான். பேட் வைத்த சைக்கிள் ஷார்ட்ஸ் போடுகிறவர்கள் உள்ளாடை இல்லாமல் போட வேண்டும். உள்ளாடையின் தையல் உரசித்தான் பாதிப் புண் வருகிறது.

சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்தால், உள்ளங்கையின் வெளிப்புற அடியில் ஓடும் நரம்பு நசுங்குகிறது என்று பொருள். மணிக்கட்டு பின்னால் மடங்காமல் முன்கையோடு நேர்கோட்டில் இருக்கட்டும். முழங்கையைச் சற்று மடக்கி வையுங்கள். பிடியைத் தளர்த்துங்கள். சில நிமிடத்துக்கு ஒருமுறை கையின் இடத்தை மாற்றுங்கள். இவ்வளவும் செய்த பிறகும் மரத்தால் ஹேண்டில்பார் தூரமாகவோ தாழ்வாகவோ இருக்கலாம். மெக்கானிக்கிடம் குட்டையான ஸ்டெம் (ஹேண்டில்பாரை வண்டியோடு இணைக்கும் துண்டு) மாட்டித் தரச் சொல்லுங்கள்.

கட்டைவிரலால் அழுத்திக் காற்றுப் பார்ப்பது

பிஎஸ்ஐ என்பது காற்றழுத்தத்தின் அளவு. 40 பிஎஸ்ஐ இருக்கும் டயரும் 60 இருக்கும் டயரும் கட்டைவிரலுக்கு ஒன்றுபோலத்தான் கல்லாகத் தெரியும். அளவுமானி வைத்த பம்ப் ஒன்று வாங்கிவிடுங்கள்; ஹெல்மெட்டுக்கு அடுத்து முதலில் வாங்க வேண்டியது அதுதான். பஞ்சரே இல்லாவிட்டாலும் டியூபிலிருந்து காற்று மெல்லக் கசியும். அதனால் வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும்.

நடுத்தர உடம்புக்காரர் ஒருவர் 28 மி.மீ. ரோடு டயருக்கு 70 முதல் 85 வரை, 38 - 40 மி.மீ. ஹைப்ரிட் டயருக்கு 45 முதல் 60 வரை, 2.2 அங்குல மவுண்டன் டயருக்கு 25 முதல் 35 பிஎஸ்ஐ வரை வைத்துத் தொடங்கலாம். உடம்பின் எடை பின்சக்கரத்தில் அதிகம் விழுவதால் அங்கே நாலைந்து பிஎஸ்ஐ கூட்டிக்கொள்ளுங்கள். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டக் கூடாது. காற்றுக் குறைந்தால் பள்ளத்தில் இறங்கும்போது ரிம்முக்கும் (சக்கரத்தின் உலோக வளையம்) கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கி, பாம்பு கடித்ததுபோல அருகருகே இரண்டு ஓட்டை விழும். அப்படி இரட்டை ஓட்டை பார்த்தால் முள்ளைத் தேடி நேரத்தைப் போக்க வேண்டாம்.

முன் பிரேக்குக்குப் பயப்படுவது

"முன் பிரேக் பிடித்தால் குப்புற விழுவாய்" என்று சிறுவயதில் சொல்லிவைத்த பயம் பலருக்குப் போவதே இல்லை. பின் பிரேக்கை மட்டும் நம்பி ஓட்டுவது அதைவிட ஆபத்து. பிரேக் பிடித்ததும் எடை முழுவதும் முன்னால் சாயும். பின்சக்கரம் இலேசாகிப் பிடிமானம் இழந்து தேய்த்துக்கொண்டே போகும். வண்டியை நிறுத்தும் வலு பெரும்பாலும் முன்சக்கரத்தில்தான் இருக்கிறது.

குப்புற விழுவது முன் பிரேக்கைத் திடீரென்று இறுக்குவதாலும், கையை உடம்புக்கு அண்டை கொடுக்காமல் விடுவதாலும். இரண்டு பிரேக்கையும் ஒன்றாகப் பிடித்து, முன் பிரேக்கில் மெல்ல மெல்ல அழுத்தத்தைக் கூட்டுங்கள். அதே நேரத்தில் இடுப்பைப் பின்னால் தள்ளி, கைகளை ஊன்றிக்கொள்ளுங்கள். வண்டி வராத இடத்தில் ஒரு கோடு கிழித்து, 10 கி.மீ. வேகத்தில் தொடங்கி 20 வரை, கோட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறீர்கள் என்று பாருங்கள். பின்சக்கரம் தேய்வது காதில் கேட்டால், பின் பிரேக்கைச் சற்று விட்டு முன்னதைக் கொஞ்சம் கூட்டுங்கள். எந்தக் கை எந்தச் சக்கரம் என்பது நாட்டுக்கு நாடு மாறும். இரவல் வண்டியில் ஏறுமுன் தள்ளிக்கொண்டே ஒருமுறை பிடித்துப் பார்த்துவிடுங்கள்.

25 கி.மீ. வேகத்தில் ஒரு நொடியில் சைக்கிள் 7 மீட்டர் போகிறது. நெரிசலில் விரல்கள் ஏற்கெனவே பிரேக்கின் மேல் இருந்தால் அந்த 7 மீட்டரில் கொஞ்சம் மிஞ்சும். வளைவில் புகுந்தபின் பிரேக் பிடிக்காமல், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். மழையில் ரிம் பிரேக் முதல் ஓரிரு சுற்றுக்கு நீரைத் துடைக்கும், அப்புறம்தான் பிடிக்கும். ஈரமான இரும்பு மூடி, சாலையில் அடித்த வெள்ளைக் கோடு, தண்டவாளம் இவற்றின்மேல் பிரேக்கும் வேண்டாம், திருப்பமும் வேண்டாம். தண்டவாளத்தைச் செங்குத்தாகக் கடக்க வேண்டும். சாய்வாகப் போனால் முன்சக்கரம் இடுக்கில் மாட்டிக்கொள்ளும்.

கியர்

கனமான கியரில் அழுத்தி மிதிப்பதுதான் உடற்பயிற்சி என்று நினைப்பவர்களுக்கு முட்டிதான் முதலில் பதில் சொல்லும். நிமிடத்துக்கு 70 முதல் 85 சுற்று வரை இலேசாகச் சுற்றும்படி கியர் வையுங்கள். 15 நொடிக்கு ஒரு காலின் சுற்றுகளை எண்ணி நாலால் பெருக்கினால் கணக்கு வந்துவிடும். மேட்டில் பாதி ஏறித் திணறியபின் கியர் மாற்றினால் செயின் கரகரவென்று அடித்துக் கழன்றுகூட விடும். மேடு கண்ணில் பட்டதும் மாற்றுங்கள். மாற்றும் அந்த நொடியில் மிதியின் அழுத்தத்தைக் குறையுங்கள், சுற்றுவதை நிறுத்தாதீர்கள்.

சாலையின் ஓரத்தோடு ஒட்டிப் போவது

பயத்தில் சாலையின் விளிம்பிலேயே போகத் தோன்றும். அங்கேதான் மணல், கண்ணாடித் துண்டு, உடைந்த மூடி எல்லாம் கிடக்கும். ஒதுங்க வேண்டுமானால் ஒரு பக்கம்தான் இடமிருக்கும், அதுவும் வண்டிகள் வரும் பக்கம். விளிம்பிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் உள்ளே, நேர்கோட்டில் போங்கள். நிறுத்தி வைத்த கார்களின் கதவு எந்த நொடியும் திறக்கலாம். 1 முதல் 1.5 மீட்டர் வரை தள்ளிப் போங்கள். இரண்டு காருக்கு நடுவே இடம் கிடைக்கும்போதெல்லாம் உள்ளே புகுந்து வெளியே வராதீர்கள். பின்னால் வருபவருக்கு நீங்கள் மறைந்து மறைந்து தோன்றுவீர்கள்.

வண்டிகளுக்கு எதிர்த்திசையில் ஓட்டினால் வருவது கண்ணுக்குத் தெரியும் என்பது தப்பான கணக்கு. இரண்டு வேகமும் கூடிவிடுகிறது. போதாக்குறைக்கு, சந்திலிருந்து திரும்புகிறவர் அந்தப் பக்கம் சைக்கிளை எதிர்பார்க்கவே மாட்டார். எல்லாவற்றையும்விட அஞ்ச வேண்டியது லாரி, பஸ்ஸின் பக்கவாட்டு. நீண்ட வண்டி திரும்பும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரத்தின் தடத்தில் வராது, உட்பக்கம் வெட்டிக்கொண்டு வரும். அதன் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் நீங்களும் அவருக்குத் தெரியவில்லை. சிக்னலில் நிற்கும் லாரியின் உட்பக்க இடுக்கில் நுழையவே வேண்டாம், பின்னாலேயே நில்லுங்கள்.

திரும்பிப் பார்க்கும்போது தலையோடு தோளும், தோளோடு ஹேண்டில்பாரும் திரும்பி வண்டி சாலை நடுவே போய்விடும். பார்க்கிற பக்கத்துக் கையைத் தொடைமேல் இறக்கிவிட்டு, தாடையைத் தோள்மேல் வைப்பதுபோலத் திரும்புங்கள். வண்டி நேராகப் போகும். பளிச்சென்ற மஞ்சள் சட்டை பகலில்தான் உதவும். இரவுக்கு முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு, கணுக்காலில் ஒளியைத் திருப்பும் பட்டை. மேலும் கீழும் அசையும் பட்டையைப் பார்த்ததுமே சைக்கிள் என்று புரிந்துவிடும்.

ஹெல்மெட் நெற்றியை விட்டுப் பின்னால் சரிந்திருந்தால் போட்டும் பயனில்லை. புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அகலத்தில் விளிம்பு, காதுக்குக் கீழே வி வடிவத்தில் பட்டை, தாடைக்கும் பட்டைக்கும் நடுவே ஒரு விரல் இடம். ஒருமுறை அடிபட்ட ஹெல்மெட்டின் உட்பஞ்சு நசுங்கியிருக்கும், வெளியே தெரியாது, மாற்றிவிடுங்கள்.

சக்கரத்தில் குவிக் ரிலீஸ் (கருவி இல்லாமல் சக்கரத்தைக் கழற்ற உதவும் பிடி) இருந்தால் அதை ஸ்க்ரூ போலச் சுற்றி இறுக்கியதோடு விட்டுவிடுகிறார்கள். அது மடக்கி மூட வேண்டிய நெம்புகோல். சக்கர அச்சின் நேருக்கு நீட்டிக்கொண்டிருக்கும்போதே இறுக்கம் தொடங்கி, மூடி முடித்தால் உள்ளங்கையில் அச்சு விழ வேண்டும். சுலபமாக மூடிக்கொண்டால் சக்கரம் பிடியில் இல்லை.

கிளம்பிய பிறகு

மணிக்கு அரை லிட்டர் தண்ணீர், கால் மணிக்கு ஒருமுறை சில மடக்கு. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போனால் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்தோ சர்க்கரையோ வயிற்றுக்குள் போக வேண்டும். பசித்தபின் சாப்பிட்டால் காலம் கடந்துவிட்டது. முடிந்தவரை எதிர்காற்றில் கிளம்புங்கள், களைத்துத் திரும்பும்போது அது முதுகைத் தள்ளும்.

பையில் மாற்று டியூப், இரண்டு டயர் லீவர் (டயரை ரிம்மிலிருந்து நெம்பி எடுக்கும் துண்டு), கைப்பம்ப், அலென் கீ செட் இருக்கட்டும். பஞ்சர் ஆனால் அவசரமாகப் புது டியூபை மாட்டாதீர்கள்; முள் டயரிலேயே இருக்கும், ஐந்து நிமிடத்தில் இரண்டாவதும் போகும். பழைய டியூபை வெளியே எடுக்கும்போது எந்தப் பக்கம் உங்களைப் பார்த்திருந்தது என்று நினைவில் வைத்துக்கொண்டு, காற்றடித்து ஓட்டையைக் கண்டுபிடியுங்கள். டியூபை டயரின்மேல் வால்வுக்கு நேர் வால்வாக வைத்தால், ஓட்டைக்கு நேரே டயரில் எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிடும். அந்த இடத்தை உட்புறமாக விரலால் மெதுவாகத் தடவுங்கள், கம்பித் துண்டு இருந்தால் கீறிவிடும். நுனி தட்டுப்பட்டதும் வெளிப்பக்கமிருந்து தள்ளாமல், எந்தப் பக்கம் தலை தெரிகிறதோ அந்தப் பக்கமாகப் பிடுங்குங்கள். பிறகு புது டியூபில் உருண்டை பிடிக்கும் அளவுக்கு மட்டும் காற்றடித்து உள்ளே வைத்து, டயரின் விளிம்பு எங்கும் டியூபைக் கவ்வாமல் இருக்கிறதா என்று சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு முழுக் காற்றை அடியுங்கள்.